அரை லெங்த் வழக்கு

கிண்டியில் பந்தயம் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே தோற்ற குதிரையை யாரும் திட்டியதில்லை, வசவெல்லாம் ஜாக்கிக்குத்தான். அப்படி வாங்கிக்கட்டிக்கொண்டவர்களில் முதலிடம் இங்கிலாந்தின் கிரெவில் ஸ்டார்க்கிக்கு.

1986 ஜூன் 4, எப்சம் டெர்பி. எல்லோர் பணமும் அவர் ஓட்டிய டான்ஸிங் பிரேவ் மேல். ஒன்றரை மைல் ஓட்டத்தில் ஸ்டார்க்கி அதைப் பின்வரிசையிலேயே வைத்திருந்தார். டாட்டன்ஹாம் திருப்பத்துக்கு இறங்கும் சரிவில் குதிரை கொஞ்சம் நிலைகுலைந்தது. நேர்ப்பாதைக்கு வந்தபோது முன்னால் ஒரு படையே ஓடிக்கொண்டிருந்தது. வெளிப்பக்கம் இழுத்து விரட்டினார், குதிரையும் பறந்தது. ஆனால் வால்டர் ஸ்வின்பர்ன் ஓட்டிய ஷாரஸ்தானி அரை லெங்த்தில், அதாவது பாதிக் குதிரை நீளத்தில், தப்பிவிட்டது.

காத்திருந்ததுதான் குற்றம் என்று ஊரே தீர்ப்பெழுதியது. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். 1978இல் இதே எப்சமில் இதே ஸ்டார்க்கி, ஷெர்லி ஹைட்ஸைப் பின்னால் அடக்கிவைத்து, பில் ஷூமேக்கர் ஓட்டிய ஹவாயன் சவுண்டைக் கடைசி எட்டில் பிடித்தார். வித்தியாசம் ஒரு தலை. அன்று அதற்குப் பெயர் சாமர்த்தியம்! பிழை காத்திருந்ததில் இல்லை, வேகத்தைக் கணித்ததில். முன்னே போகிறவர்கள் நிதானமாக ஓடினால் கடைசி ஃபர்லாங்குகளுக்கு அவர்களிடம் தெம்பு மிச்சமிருக்கும். பின்னாலிருப்பவன் முன்கூட்டியே நெருங்கியாக வேண்டும். 1986இல் முன்பாதி மெதுவாகத்தான் போயிற்று.

அடுத்த மாதமே எக்லிப்ஸ் பந்தயத்தில் ஸ்டார்க்கி அதே குதிரையை நான்கு லெங்த்தில் ஜெயிக்கவைத்தார். அதை யார் பேசுகிறார்கள்? அக்டோபரில் லாங்ஷாம்ப்பின் ஆர்க் பந்தயத்தில் டான்ஸிங் பிரேவ் மேல் பாட் எடரி ஏறினார். அவரும் பின்னாலேயே கிடந்து, வெளிப்பக்கமாகக் கடைசியில் வந்து, பெரிங்கை ஒன்றரை லெங்த்தில் வென்றார். அங்கே முன்னால் போனவர்கள் ஆரம்பத்திலிருந்தே கடுமையாக ஓடியிருந்தார்கள்.