குவியலைப் பிரிக்கும் முன்

கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்து, பொன் துகளும் உலோகத் துண்டும் பொறுக்கிப் பிழைத்தவர்கள் பலர். அவர்கள் கையில் சிக்கிய செப்புக் காசுகள் பழைய பாத்திரக் கடைகளுக்கும் காயலான் கடைகளுக்கும் எடைக்குப் போயின. மதுரையில் வைகைக் கரையிலும் திருக்கோவிலூரில் தென்பெண்ணைக் கரையிலும் கிடைத்தவற்றுக்கும் இதே வழிதான். சங்க காலச் சதுரக் காசு, தேய்ந்த ரோமானியச் செப்புக் காசு, ராஜராஜன் பெயர் பொறித்த சோழர் காசு, நாயக்கர் காசு, கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு, எந்த அரசின் முத்திரையும் இல்லாத வில்லைகள் என எல்லாம் ஒரே பொட்டலத்தில் சேகரிப்பாளரிடம் வந்து சேர்ந்தன. பழந்தமிழ் வேந்தர்களின் நாணயங்களைப் பற்றி இன்று நாம் அறிந்ததில் பெரும்பகுதி இந்தக் கலப்புக் குவியல்கள் தந்தது. ஆனால் குவியலிலிருந்து அரிய காசை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கழித்துவிடும் பழக்கம், கிடைத்த சான்றைக் கிடைத்த கையாலேயே அழித்திருக்கிறது. சேகரிப்பாளர் காப்பாற்ற வேண்டியது தனிக் காசை மட்டுமல்ல, குவியலையும்தான்.

முதலில், குவியல்கள் தந்ததைப் பார்ப்போம். வால்டர் எலியட் 1886இலும் லோவெந்தால் பாதிரியார் 1888இலும் தென்னிந்தியக் காசுகளைப் பற்றி நூல் வெளியிட்டார்கள். மீன் பொறித்த சதுரச் செப்புக் காசுகள் அப்போதே அறிஞர்களுக்குத் தெரியும். ஆனால் அவற்றில் எழுத்து இல்லாததால் காலத்தை உறுதியாகச் சொல்ல இயலவில்லை. சங்க கால மன்னர்கள் சொந்தமாக நாணயம் அடிக்கவில்லை என்ற எண்ணமும் நெடுங்காலம் நிலவியது. 1980களின் நடுவில் இரா. கிருஷ்ணமூர்த்தி, குதிரை உருவத்தோடு ‘பெருவழுதி’ என்று தமிழ்ப் பிராமியில் பொறித்த பாண்டியர் செப்புக் காசை வெளியுலகுக்குக் காட்டினார். அது அகழாய்வுக் குழியில் கிடைத்ததல்ல. மதுரைப் பழங்காசுச் சந்தை வழியே வந்தது. பின்னர் கரூரிலிருந்து ‘மாக்கோதை’, ‘குட்டுவன் கோதை’ என்று சேர அரசர் பெயரும் தலையுருவமும் தாங்கிய வெள்ளிக் காசுகளும், ‘கொல்லிப்பொறை’ என்ற பெயருள்ள செப்புக் காசுகளும் வந்தன. திருக்கோவிலூர்ப் பக்கம் மலையமான் காசுகள் கிடைத்தன. புகழூர்க் கல்வெட்டில் சேர இரும்பொறை மரபின் மூன்று தலைமுறைகளை ஐராவதம் மகாதேவன் 1965இல் படித்துக் காட்டியிருந்தார். அந்தக் கல்வெட்டு இருக்கும் கரூர் வட்டாரத்திலேயே சேரர் காசுகளும் திரும்பத் திரும்பக் கிடைத்தது, சேரர் தலைநகரான சங்க கால வஞ்சி கரூரே என்ற வாதத்துக்கு வலுச் சேர்த்தது.

இடம் தெரியாத காசு சான்றாகாது என்று தொல்லியலார் மறுப்பார்கள். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. 1898இல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவை ஒன்றாகப் பதிவானதால்தான் இரண்டு செய்திகள் தெரிந்தன. அவற்றுள் மிகப் பிந்தியவை வெஸ்பாசியன் காலத்தவை. ஆகவே அவர் ஆட்சி தொடங்கிய கி.பி. 69க்கு முன் அந்தப் புதையல் மண்ணுக்குள் போயிருக்க முடியாது. மேலும், மிகப் பெரும்பாலான காசுகளில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருந்தது. ஒன்றிரண்டில் மட்டும் அந்த வெட்டைக் கண்டிருந்தால் தற்செயல் என்று விட்டிருப்பார்கள். நூற்றுக்கணக்கில் கண்டபோதுதான், யாரோ திட்டமிட்டு அவற்றைப் புழக்கத்திலிருந்து நீக்கியிருக்கிறார்கள் என்று கருத முடிந்தது. எடைக்கு வாங்கிய குவியல் இவ்வளவு சொல்லாது. ஆனால் அது ஊமையும் அல்ல. அரசன் பெயர் காசிலேயே இருக்கிறது. ஒரே வகைக் காசு ஒரே ஊரிலிருந்து பல ஆண்டுகளாக, பல கைகள் வழியே வந்துகொண்டிருந்தால், அது அந்த ஊரின் புழக்கத்தைக் காட்டும். கேரளத்தின் பட்டணம் அகழாய்வில் சேரர் செப்புக் காசுகள் மண்ணடுக்கிலிருந்தே கிடைத்தபோது, அவற்றின் காலத்தைச் சந்தைக்கு வெளியேயும் சோதிக்க வழி பிறந்தது.

சந்தையில் போலிகள் மலிந்திருக்கின்றன என்பது அடுத்த மறுப்பு. போலியைப் பிடிக்க உதவுவதும் குவியல்தான். அச்சில் அடித்த உண்மையான காசுகள் எடையிலும் தேய்மானத்திலும் ஒன்றுக்கொன்று சற்றே வேறுபடும். ஒரே அசலிலிருந்து வார்த்த போலிகளில் ஒரே பள்ளமும் ஒரே கீறலும் அத்தனையிலும் வரும். தனிக் காசைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

விலை கொடுக்க ஆள் இருப்பதால்தான் தொல்லிடங்களைத் தோண்டுகிறார்கள் என்ற மறுப்பே இவற்றுள் கனமானது. இதற்குச் சமாதானம் சொல்லித் தப்பக் கூடாது. மண்ணில் புதைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நூறாண்டு கடந்த காசுகளைத் தொல்பொருளாகக் கருதும் 1972ஆம் ஆண்டுச் சட்டம், அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதைத் தடுக்கிறது. ஈர மண் ஒட்டிய காசுகள் பானையோடு விலைக்கு வந்தால், வாங்க மறுத்து அதிகாரிகளுக்குத் தெரிவிப்பதே நேர்மை. பல கை மாறி, உருக்கு உலைக்குப் போகவிருந்த பழைய குவியலின் கதை வேறு. அதை யாரும் வாங்காவிட்டால் அது செம்பாகிவிடும்.

ஆகவே வாங்குபவருக்குக் கடமை இருக்கிறது. புளி போட்டுத் துலக்கும் முன் குவியலை அப்படியே படம் எடுங்கள். எத்தனை காசு, ஒவ்வொன்றும் எத்தனை கிராம், எந்த ஊரில் வாங்கியது, விற்றவர் எந்த ஆற்றைச் சொன்னார் என்பதைத் தேதியோடு எழுதி வையுங்கள். அவர் சொன்னதைக் கேள்விப்பட்டதாகவே குறியுங்கள். உறுதியான செய்தியாக மாற்றிவிடாதீர்கள். தேய்ந்ததையும் உடைந்ததையும் பெயர் தெரியாத வில்லைகளையும் கழிக்காதீர்கள். எழுத்தில்லாத சதுரக் காசை அன்று பொருட்படுத்தி நூலில் ஏற்றியவர்கள் இருந்ததால்தான், பெயர் பொறித்த காசு வந்தபோது ஒப்பிட ஒரு வரிசை இருந்தது. உங்கள் குறிப்பேட்டின் ஒரு படியை அருங்காட்சியகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ கொடுங்கள். காசு உங்களுடையதாக இருக்கலாம்; அது சொல்லும் வரலாறு எல்லோருக்கும் உரியது.