மாவோரி மொழி உரிமை

நியூசிலாந்தின் ஆதிக்குடிகளாகிய மாவோரி மக்கள், தங்கள் தாய்பாஷையைப் பள்ளியிலும் நியாயஸ்தலத்திலும் வழங்குவதற்கு நெடுங்காலம் முயன்று பெற்ற உரிமை மாவோரி மொழி உரிமை எனப்படும். இம்மொழி, ஹவாயி, டஹீட்டி மொழிகளைப்போலப் பாலினீசிய இனத்தைச் சேர்ந்தது.

1867ஆம் ஆண்டின் சுதேசிப் பள்ளிகள் சட்டம் ஆங்கிலத்தையே போதனைக்குரிய பாஷையாகக் கொண்டது. தம் மக்கள் ஆங்கிலம் கற்க வேண்டுமென்ற ஆவல் மாவோரிப் பெற்றோர் பலருக்கும் இருந்ததென்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் தாய்மொழியைத் துறந்துதான் அதைக் கற்க வேண்டுமென்று அவர்கள் கேட்டதில்லை. பள்ளி வளாகத்தில் மாவோரி பேசிய குற்றத்திற்காக, தம்மை அடிப்பதற்குரிய கொடியைத் தாமே காட்டிற்குச் சென்று வெட்டிவரும்படி ஏவப்பட்ட சிறுவர் ஜேம்ஸ் ஹெனாரே, பிற்காலத்தில் பெருந்தலைவராய்ப் போற்றப்பட்டு, அந்த அனுபவத்தை முதுமையில், மாவோரியரின் முறையீடுகளை ஆராயும் வைதாங்கி விசாரணை மன்றத்தின் முன் சாட்சியமாகக் கூறினார். இரண்டாம் உலகப்போருக்குப்பின் மக்கள் நகரங்களில் குடியேறவே, வீட்டிலும் அம்மொழி ஒலிப்பது குன்றியது.

1972ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் தேதி, பள்ளிகளில் மாவோரி கற்பிக்க வேண்டுமென்று 30,000க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பம் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. 1982இல் ‘கோஹங்கா ரேயோ’, அதாவது மொழிக்கூடு, என்னும் மழலைப் பள்ளி தோன்றியது. பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டிமார் தம் மொழியை நேரே ஊட்டும் இவ்வேற்பாடு, மாவோரிச் சமூகத்தின் ஊக்கத்தால் சில ஆண்டுகளில் நாடெங்கும் பரவியது. இம்முயற்சிகளுள் தலையாயது இதுவே என்பதில் ஐயமில்லை.

சட்டப்போராட்டமோ ஒரு சொல்லைப் பற்றி எழுந்தது. 1840இல் பிரிட்டிஷ் அரசியாரின் பிரதிநிதிகளும் மாவோரித் தலைவர்களும் செய்துகொண்ட வைதாங்கி உடன்படிக்கையின் மாவோரி வாசகம், அம்மக்களின் ‘தாவோங்கா’ அனைத்தையும் காப்பதாக உறுதியளித்தது. அச்சொல்லுக்கு அரும்பொருள், செல்வம் என்பது பொருள். மொழியும் அத்தகைய செல்வமே, அதைக் காப்பது அரசின் கடமையே என்று விசாரணை மன்றம் 1986இல் வெளியிட்ட அறிக்கையில் முடிவு கூறியது.

இதன் பயனாக, 1987ஆம் ஆண்டுச் சட்டம் மாவோரியை ஆட்சிமொழியாக்கி, நியாயஸ்தலத்தில் அதைப் பேசும் உரிமையை அளித்து, மொழி வளர்ச்சிக்கென ஓர் ஆணைக்குழுவையும் நிறுவியது. அதற்குமுன் ஒரு வழக்கில், ஆங்கிலம் அறிந்தவர் மாவோரியில் பேச உரிமையில்லை என்று தீர்ப்பளிக்க ஆதாரமாய் நின்றது, பிரெஞ்சு மொழியில் நடந்த வழக்குகள் சாமானிய ஜனங்களுக்கு விளங்கவில்லையென்று 1362இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட சட்டமாகும். ஆங்கிலேயர் தம் பாஷையைக் காக்கச் செய்த சட்டம் மாவோரியரின் வாயை அடைக்கப் பயன்பட்டது மிகவும் வருந்தத்தக்கது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலும் குறை இருந்தது: மாவோரியில் பேசியவர், மறுமொழியும் மாவோரியிலேயே வேண்டுமென்று வற்புறுத்த இயலாதிருந்தது. அரசாங்க அலுவலகங்களிலும் அம்மொழியை வழங்க உரிமை வேண்டுமென்று மன்றம் கூறியதை அச்சட்டம் ஏற்கவில்லை.

2004இல் மாவோரித் தொலைக்காட்சி தொடங்கியது. 2016இல் புதியதொரு மொழிச்சட்டம் வந்தது. 2018ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் மாவோரி பேச வல்லவராய் 1,85,955 பேர் இருந்தனர். 2023இல் அத்தொகை 2,13,849.