ஒரு குளவிக்குப் பெயர் வந்த வரலாறு

ஓர் உயிரினத்தை இனங்காணும் பணி, அதற்கு இலத்தீன் பெயர் சூட்டப்படுவதற்கு நெடுங்காலம் முன்னரே தொடங்கிவிடுவதுண்டு. ஐரோப்பியக் கோவாத் தோட்டங்களில் வாழும் கொத்தேசியா குளொமெராற்றா என்னும் ஒட்டுண்ணிக் குளவியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் நீளமுடைய இக்கருநிறக் குளவி, கோவாவை உண்ணும் வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் இளம் மயிர்க்கொட்டியினுள் முட்டைகளை இடுகின்றது. குடம்பிகள் அதனுள்ளேயே உண்டு வளர்ந்து, தோலைத் துளைத்து வெளியேறி, ஒன்றோடொன்று நெருங்கிய மஞ்சள்நிறப் பட்டுக்கூடுகளைப் பின்னுகின்றன.

இத்தாலிய அறிஞர் உலிசே அல்திரோவாந்தி 1602இல் வெளியிட்ட பூச்சிகள் பற்றிய நூலில் இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்தார். ஆயினும் அக்கூடுகளை அவர் முட்டைகளெனக் கொண்டார். அழுகும் பொருளிலிருந்து சிற்றுயிர்கள் தாமே தோன்றும் என்னும் கொள்கை அறிஞரிடையே வேரூன்றியிருந்த காலம் அது. மூடிவைத்த இறைச்சியில் புழுக்கள் தோன்றுவதில்லை என 1668இல் பிரான்சிசுக்கோ ரெடி பரிசோதனை மூலம் காட்டியபோது அக்கொள்கை ஆட்டங்கண்டது. மயிர்க்கொட்டியிலிருந்து வெளிவருவன, தாய்க்குளவி இட்ட முட்டைகளிற் பிறந்த குடம்பிகளே என்பதைச் சரிவர விளக்கியவர்களுள் ஒருவர் பாதுவாப் பல்கலைக்கழகத்து அந்தோனியோ வலிசினேரி ஆவார். அவரது விளக்கம் 1706இல் வெளிவந்தது.

1758இல் லினேயசு இக்குளவியை இக்னியூமன் குளொமெராற்றசு என விவரித்தார். 'குளொமெராற்றசு' என்பதன் பொருள் 'திரளாகச் சேர்ந்தது' என்பதாகும். பிற்காலத்தில் அப்பான்ரெலிசு சாதியில் வைக்கப்பட்ட இவ்வினத்தை 1981இல் மேசன் என்பவர் கொத்தேசியா சாதிக்கு மாற்றினார். சாதிப்பெயர் மாறினும் இனப்பெயர் நிலைத்தது.

இனங்காண்டலின் பயன் ஏட்டளவில் நிற்பதன்று. சிறிய வெள்ளை வண்ணத்துப்பூச்சியைக் கட்டுப்படுத்தும் பொருட்டு 1883இல் இங்கிலாந்திலிருந்து இக்குளவி ஐக்கிய அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஆனால் ஐரோப்பாவில் இது பெரிதும் நாடுவது பெரிய வெள்ளை வண்ணத்துப்பூச்சியையே. சிறிய இனத்தைச் சிறப்பாகத் தாக்குவது, 1885இல் மார்சல் விவரித்த கொத்தேசியா ரூபெக்குலா என்னும் உறவினமாகும். வளர்ந்த குளவிகள் தோற்றத்தில் ஒத்திருப்பினும், ரூபெக்குலாவின் கூடு வெண்ணிறமானது. ஒரு மயிர்க்கொட்டிக்கு ஒன்றாகத் தனித்தே காணப்படும்.

ஆகவே, ஒரு காலத்தில் முட்டைகளென மயங்கப்பட்ட அக்கூட்டுத் திரளே, பின்னர் இவ்வினத்துக்குப் பெயராகவும் அதனைப் பிரித்தறியும் அடையாளமாகவும் அமைந்தது எனலாம்.