எது இயல்பான குருதி?

குருதியைப் பற்றி இந்த உலகில் சொல்லப்பட்ட பொய்கள் கொஞ்சமல்ல. அரசனின் குருதி வேறு, ஆண்டியின் குருதி வேறு என்றனர். முகத்தில் பிறந்தவன், பாதத்தில் பிறந்தவன் என்று பிரித்து, பிரிவுக்குக் காரணம் குருதியிலேயே ஓடுகிறது என்றும் நம்பவைத்தனர். இந்தப் புரட்டை மறுக்க நாம் மருத்துவத்தைச் சான்றுக்கு அழைக்கிறோம். தகுந்த சான்றுதான். ஆனால், நமக்கு வேண்டிய சாட்சியையும் கேள்வி கேட்பதன்றோ பகுத்தறிவு! "குருதி இயல்பாக இருக்கிறது" என்று மருத்துவர் சொல்கிறாரே, அந்த இயல்பை வகுத்தவர் யார்? எதைக் கொண்டு வகுத்தார்? அந்தச் சொல்லின் வரலாற்றைப் பார்ப்போம்.

நோய் என்றால் தெய்வத்தின் சினம் என்று உலகம் நடுங்கிக்கிடந்த நாளில், கிரேக்க மருத்துவர்கள் வேறொரு விடை கூறினர். கி.மு. 400ஐ ஒட்டி எழுந்ததும், இப்போக்கிரட்டீசின் மருமகன் பொலிபசு எழுதியதாகக் கருதப்படுவதுமான 'மனிதனின் இயல்பு' என்ற நூல், குருதி, சளி, மஞ்சள் பித்தம், கரும் பித்தம் என நான்கு நீர்மங்கள் உடலில் உள்ளன என்றது. அவை அளவோடு கலந்திருந்தால் நலம். கலப்புக் கெட்டால் நோய். நலமான நிலைக்கு 'யூக்ரேசியா', அதாவது நற்கலவை என்றும், கெட்ட நிலைக்கு 'டிஸ்க்ரேசியா', அதாவது தீக்கலவை என்றும் கிரேக்க மருத்துவத்தில் பெயர் வழங்கிற்று. வளி, பித்தம், ஐயம் ஆகியவற்றின் சமநிலையில் உடல் நலத்தைக் கண்ட நம் வள்ளுவரின் 'மருந்து' அதிகாரமும் இத்தகைய சிந்தனைதான். நோயைத் தெய்வத்தின் கையிலிருந்து பறித்து உடலுக்குள் வைத்தது பெரும் புரட்சி!

ஆனால், நற்கலவை என்றார்களே தவிர, எவ்வளவு என்று அளந்தாரில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன் என்ற மருத்துவர் இக்கொள்கையை விரித்து எழுதினார். அவர் எழுதியது பல நூற்றாண்டுகள் வேதவாக்காயிற்று. விளைவு என்ன? குருதி மிகுந்துவிட்டது என்று கருதி, நோயாளியின் நரம்பைக் கீறிக் குருதியை வடித்தனர். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் வாசிங்டன், 1799 திசம்பர் 14 அன்று, தொண்டை நோயால் மாண்டார். அந்த ஒரே நாளில் அவர் உடலிலிருந்து வடிக்கப்பட்ட குருதி ஏறத்தாழ 80 அவுன்சு! ஒரு நாட்டின் தலைவருக்கே இந்தக் கதியென்றால், ஏழையின் கதி என்னவாயிருக்கும்?

அளக்கத் துணிந்தவர்களே இருளை விலக்கினர். 1628இல் வில்லியம் ஆர்வி, இதயம் அரை மணி நேரத்தில் தள்ளும் குருதியின் அளவு உடலில் உள்ள மொத்தக் குருதியைவிட மிகுதி என்று கணக்கிட்டு, ஆகவே அது சுற்றிவரத்தான் வேண்டும் என்று மெய்ப்பித்தார். 1835இல் பாரிசு நகர மருத்துவர் பியர் லூயி, நோயாளிகளை எண்ணி ஒப்பிட்டு, குருதி வடித்தலால் பெரும் பயனில்லை என்று காட்டினார். 1852இல் செருமானியர் கார்ல் பீரார்ட், குருதியின் சிவப்பணுக்களையே எண்ணினார்: ஒரு கன மில்லிமீட்டரில் ஏறத்தாழ 50 இலட்சம்!

இக்காலத்தில்தான் மருத்துவத்தில் 'நார்மல்' என்ற சொல் வேரூன்றியது. அதன் தாய் இலத்தீனின் 'நார்மா'. பொருள் என்ன தெரியுமா? தச்சனின் மூலைமட்டம்! மரம் நேராக அறுபட்டதா என்று பார்க்கும் கருவி. 1835இல் பெல்சிய வானியலறிஞர் கெட்லே, 'சராசரி மனிதன்' என்ற கருத்தை வெளியிட்டு, சராசரியையே செம்மையின் வடிவமாகக் கொண்டார். பலரிடம் இருப்பது என்ற பொருளும், இருக்கவேண்டியது என்ற பொருளும் ஒரே சொல்லில் குடியேறின. சிக்கல் இங்கேதான் பிறந்தது.

1920களின் பிற்பகுதியில், நியூ ஆர்லியன்சு நகரில் பணிசெய்த இளம் மருத்துவர் மாக்சுவெல் வின்ட்ரோப் இதை நேரில் கண்டார். பாடநூல்கள் ஓதிவந்த இயல்பளவு, விரல்விட்டு எண்ணத்தக்க சிலரின் குருதியை வைத்து முக்கால் நூற்றாண்டுக்கு முன் எழுதப்பட்டது! அவர் மாணவர், மாணவியர் பலரின் குருதியைப் புதிதாக ஆய்ந்தார். 1929இல் புதிய அளவைக் குழாய் ஒன்றையும் அமைத்தார். இயல்பான பருமனுள்ள அணு 'நார்மோசைட்', இயல்பான நிறமுள்ளது 'நார்மோகுரோமிக்' என்ற பெயர்களைக் கொண்டு சோகை நோய்களை வகைப்படுத்தும் முறை, அவர் உழைப்பால் நிலைபெற்றது.

அளவுகோல் பிறந்தது, ஆயினும், யாரை அளந்து செய்த கோல்? வெள்ளணுக்களில் நியூட்ரோபில் என்பது ஒரு வகை. மேற்கு ஆப்பிரிக்க வழிவந்தோர் பலருக்கு இதன் எண்ணிக்கை, பெரும்பாலும் வெள்ளையரை வைத்து வகுத்த அளவைவிடக் குறைவு. அவர்களுக்கு நோய் இல்லை. தொற்றும் மிகுதியாக வருவதில்லை. எனினும் அந்த நலமான நிலைக்கு மருத்துவம் இட்ட பெயர், 'தீங்கற்ற இன நியூட்ரோபில் குறைவு'! பெயர் கெட்டதோடு நின்றதா? கடுமையான மனநோய்க்குத் தரப்படும் குளோசபின் என்ற மருந்து, எண்ணிக்கை குறைவு என்ற காரணத்தால் கறுப்பின மக்களில் பலருக்கு மறுக்கப்பட்டது. பலருக்கு இடையில் நிறுத்தப்பட்டது. 2015இல்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இவர்களுக்குத் தனி அளவை ஏற்றது.

"அப்படியானால் இனத்துக்கு இனம் குருதி வேறு என்பது மெய்தானே?" என்று பழமைவாதி துள்ளி எழக்கூடும். இல்லை! இந்தக் குறைவுக்குக் காரணம் டஃபி என்ற ஒரே மரபணுவின் ஒரு வடிவம். ஆப்பிரிக்கர் அனைவரிடமும் அது இல்லை. அரேபியாவின் ஏமன் நாட்டாரில் பலரிடம் உண்டு. விவாக்சு என்ற வகை மலேரியாவிலிருந்து பெருமளவு காப்பது அது. கொசுவும் காய்ச்சலும் எழுதிய வரலாறு அது. உயர்வு தாழ்வின் முத்திரையன்று.

1901இல் லாண்ட்சுடைனர் குருதி வகைகளை வெளியிட்டார். முதல் உலகப் போரின்போது சலோனிக்கா நகரில், லுட்விக் இர்சுஃபெல்டும் அவர் துணைவியார் அன்னாவும், இந்தியப் படைவீரர் உட்பட 8,000 பேருக்கு மேல் சோதித்து, 1919இல் முடிவை வெளியிட்டனர். ஏ, பி இரண்டும் எல்லா மக்களிடமும் இருந்தன, விழுக்காடுதான் வேறுபட்டது. இத்தனை தெரிந்த பின்னரும், 1942 முதல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பர் தந்த குருதியைத் தனியே பிரித்து வைத்தது. அறிவியல் அடிப்படை ஏதுமில்லை. 1950இல்தான் அந்தப் பிரிவினை ஒழிந்தது. மூலைமட்டம் இருந்தது, அதைப் பிடித்த கையில் நிறவெறி இருந்தது!

தோழர்களே! நற்கலவை என்ற ஊகத்தை எண்ணிக்கை வென்றது; எண்ணிக்கையின் குறையைக் கூடுதல் எண்ணிக்கையே திருத்தியது. தன் சொல்லையே தூக்கி எறியும் துணிவு அறிவியலுக்கு உண்டு, சாத்திரத்துக்கு இல்லை. ஆகவே 'இது இயல்பு' என்று எவர் சொன்னாலும், அவர் மருத்துவராயினும், மடாதிபதியாயினும், ஊர்ப் பெரியவராயினும், கேளுங்கள்: எத்தனை பேரை எண்ணினீர்? எவரை விட்டீர்? எண்ணிக் காட்ட முடிந்தவர் விடை சொல்லட்டும். பெண்ணுக்கு அடக்கம் இயல்பு, உழைப்பவனுக்குப் பணிவு இயல்பு என்று எண்ணாமலே எழுதியவர்கள் தம் ஏட்டை மூடட்டும்!