மில்லி வனில்லி: ஆடியது இவர்கள், பாடியது யார்?

1989-ல் அமெரிக்க டான்ஸ் பாட்டு ரசிகர்களைக் கட்டிப்போட்ட ஜோடி ராப் பிலாட்டஸ், ஃபேப் மோர்வன். 'மில்லி வனில்லி' என்றால் இவர்கள்தான். ஆனால் ஆல்பத்தில் இருவரும் ஒரு வரிகூடப் பாடவில்லை!

பாடியது பிராட் ஹோவெல், ஜான் டேவிஸ் உள்ளிட்டோர். முகம் வேறு, குரல் வேறு என்று முடிவு செய்தவர் ஜெர்மனி தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபரியான். 'போனி எம்' டிஸ்கோ குழுவில் பாபி ஃபேரல் ஆட, அந்த ஆண் குரலைப் பாடியதும் இதே ஃபரியான்தான்.

நம்ம ஊர் பின்னணிப் பாட்டு மாதிரிதானே என்று தோணலாம். இங்கே பாடியவர் பெயர் கேசட் அட்டையிலேயே இருந்தது, அங்கே மறைத்துவிட்டார்கள்.

கனெக்டிகட் மேடையில் ஓடிய ட்ராக் சிக்கி, ஒரே வரி திரும்பத் திரும்பக் கேட்டது. 1990 நவம்பரில் ஃபரியான் உண்மையை ஒப்புக்கொள்ள, கிராமி விருது பறிக்கப்பட்டது. கெட்ட பெயர் என்னவோ ஆடிய இருவருக்குத்தான். பிலாட்டஸ் 1998-ல், 32 வயதில் இறந்தார். ஃபரியான் 90-களிலும் 'லா பூஷ்' மூலம் ஹிட் கொடுத்துக்கொண்டிருந்தார்.