தெரு யாருது? ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும்

ஒரு ஏரியா எப்படி 'கூல்' ஆகுதுன்னு சென்னை, பெங்களூருல இருக்கிற நமக்குத் தெரியும். வாடகை கம்மியான தெருவுக்கு ஓவியர்கள், இசைக்காரங்க வருவாங்க. பின்னாடியே கஃபே வரும், வாடகை ஏறும், முதல்ல வந்தவங்க பெட்டியைக் கட்டிடுவாங்க. தப்பிச்சவங்களும் உண்டு. 1966-ல கே.சி.எஸ். பணிக்கரும் மத்த ஓவியர்களும் பாத்திக் துணி, கைவினைப் பொருள் வித்த காசுல ஈஞ்சம்பாக்கத்துல நிலத்தையே வாங்கிட்டாங்க. அதுதான் சோழமண்டலம், இன்னிக்கும் இருக்கு.

ஆக, கலை தங்கணும்னா நிலம் யார் கையில இருக்குங்கிறது முக்கியம். இந்தக் கேள்வியோட தெற்கே போவோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல இதுக்குப் பதில் கோயில். ஆண்டாள் சூடிக் களைந்த மாலை வருஷா வருஷம் திருப்பதிக்குப் போகுது. பூ கட்டுறவங்களுக்கு நாள் தவறாம வேலை. அரையர் சேவையும் இங்க உண்டு. பாசுரத்தைப் பாடி, அபிநயம் பிடிச்சு, அர்த்தம் சொல்ற கலை. ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, அப்புறம் இந்த ஊர்னு சில இடத்துலதான் அது மிச்சம் இருக்கு. வீட்டு ஓனர் துரத்த முடியாத கலை! ஆனா அது பரம்பரை உரிமை, அதுவும் ஆண்களுக்கு மட்டும். ஆண்டாள்ங்கிற பெண் பாடின ஊர்ல இது எனக்கு உறுத்துது.

பக்கத்துல ராஜபாளையம். விஜயநகரக் காலத்துல ஆந்திராவுல இருந்து வந்த ராஜுக்கள் இங்க வீட்டுல தெலுங்கு, வெளியில தமிழ்னு வாழ்றாங்க. 1949-ல சென்னை மாகாண முதல்வரான பி.எஸ். குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். 1952 தேர்தல்ல ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில தோத்தவர். அவர் தன் சொந்த வீட்டையே காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்துட்டார். யோசிச்சுப் பாருங்க, முதல்வரா இருந்தவரோட வீடு ஊருக்குப் பொதுவான கலைக்கூடம்.

அரையர் சேவை மாதிரி பிறப்பால வர்ற உரிமை இல்லாமலே ஒருத்தர் பெரிய வேலை செய்யலாம்னு காட்டினவரும் இந்த ஊர்லயே இருந்தார்: மு.கு. ஜகந்நாத ராஜா. சமஸ்கிருதம், பாலி, பிராகிருதம்னு பல மொழி தெரிஞ்சவர். கிருஷ்ணதேவராயர் தெலுங்குல எழுதின 'ஆமுக்த மால்யதா'வை அவர் தமிழாக்கினார். 1989-ல சாகித்ய அகாடமியோட மொழிபெயர்ப்புப் பரிசு அதுக்குத்தான் கிடைச்சது. அந்தக் காவியம் யாரைப் பத்தின்னு நினைக்கிறீங்க? பஸ்ல அரை மணி நேரத்துல போயிடக்கூடிய பக்கத்து ஊர் ஆண்டாளைப் பத்தி.