பின்வரிசையின் வரலாறு: சமது அல்லாபிச்சை முதல் சசிக்குமார் வரை

1998 செப்டம்பர் 5. வியட்நாமின் தலைநகர் ஹனோயில் உள்ள ஹாங் டே அரங்கில் தென்கிழக்காசிய நாடுகளின் கால்பந்துப் போட்டியான டைகர் கிண்ணத்தின் இறுதியாட்டம். ஆல்ஃபிரட் ரீடலின் பயிற்சியில் சொந்த மண்ணில் ஆடிய வியட்நாம், அரையிறுதியில் தாய்லாந்தை 3-0 என வீழ்த்தியிருந்தது. கிண்ணம் அவர்களுக்கே என்று ஊரே நம்பியது. 70ஆம் நிமிடத்தில் சிங்கப்பூரின் தற்காப்பு ஆட்டக்காரர் ஆர். சசிக்குமாரின் தோளிலும் முதுகிலுமாகப் பட்ட பந்து வலைக்குள் போனது. அந்த ஒரே கோலில் சிங்கப்பூர் தன் முதல் சர்வதேசக் கிண்ணத்தை வென்றது.

அந்தக் கோலைப் பலரும் இன்றுவரை அதிர்ஷ்டம் என்றே சொல்கிறார்கள். போட்டியின் முழுக் கணக்கைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. குழு ஆட்டத்தில் இதே வியட்நாமைச் சிங்கப்பூர் 0-0 என மறித்திருந்தது. குழுவில் முதலிடம் பிடித்து, அரையிறுதியில் இந்தோனேசியாவை 2-1 என வென்றது. பயிற்சியாளர் பாரி விட்பிரெட்டும் அணித்தலைவர் நஸ்ரி நாசிரும் நடத்திய அந்த அணியின் முதல் பலம், எளிதில் கோல் விடாத பின்வரிசை. சிங்கப்பூர்க் கால்பந்தின் பெரிய திருப்பங்களில் இந்திய வம்சாவளித் தற்காப்பு ஆட்டக்காரர்கள் நடுநாயகமாக நின்றார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

1921இல் 'எச்.எம்.எஸ். மலாயா' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரால் ஒரு கிண்ணப் போட்டி தொடங்கியது. பின்னாளில் மலேசியக் கிண்ணம் ஆனது அதுதான். முதல் ஆண்டிலேயே வென்றது சிங்கப்பூர். 1965இல் மலேசியாவிலிருந்து பிரிந்து தனிநாடான பிறகும் இடையிடையே அப்போட்டியில் ஆடியது. அண்டை நாட்டின் போட்டி என்றாலும், சிங்கப்பூர் மக்களுக்கு அதுவே தேசிய விழா. ஆனால் 1965க்குப் பின் பன்னிரண்டு ஆண்டுகள் கிண்ணம் கைக்கு எட்டவில்லை.

அந்த வறட்சி 1977இல் தீர்ந்தது. 'அங்கிள் சூ' என்று அழைக்கப்பட்ட சூ செங் குவீ பயிற்சியாளர். நடுப் பின்களத்தில் நின்ற சமது அல்லாபிச்சை அணித்தலைவர். கோலாலம்பூரின் மெர்டேக்கா அரங்கில் நடந்த இறுதியாட்டம் கூடுதல் நேரம் வரை நீண்டது. பினாங்கை 3-2 என வென்றார்கள். குவா கிம் சோங் தலையால் முட்டி அடித்த கோல் இன்றும் பேசப்படுகிறது. அந்தக் கோல் விழும்வரை அணியைக் குலையாமல் பிடித்து நிறுத்தியவர் சமது. 1980 இறுதியில் சிலாங்கூரை 2-1 என வென்றபோதும் பின்களத்தின் தூண் அவரே. நாட்டுக்காக 100க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியவர் அவர்.

எல்லைக்கு அப்பால் மலேசியாவிலும் இதே போக்கைக் காணலாம். 1971இல் சியோலில் தென்கொரியாவை 1-0 என வென்று, மியூனிக் ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெற்ற தலைமுறையில் எம். சந்திரன் தற்காப்பு ஆட்டக்காரர். தேசிய அணித்தலைவராகவும் இருந்தவர். 1972இல் மியூனிக்கில் அந்த அணி அமெரிக்காவை 3-0 என வென்றது.

1994இல் லீக், கிண்ணம் இரண்டையும் வென்ற சிங்கப்பூர், அத்துடன் மலேசியப் போட்டிகளை விட்டு விலகி, 1996இல் எஸ்-லீக்கைத் தொடங்கியது. அது துணிச்சலான முடிவு. பழைய போட்டி தந்த கூட்டமும் ஆரவாரமும் இனி இல்லை. தேசிய அணி தனித்து நின்று தன்னை நிரூபிக்க வேண்டும். அதே 1996இல் சொந்த ஊரில் நடந்த முதல் டைகர் கிண்ணத்தில் அது குழுச் சுற்றையே தாண்டவில்லை. இரண்டே ஆண்டுகளில் ஹனோயில் கிடைத்த வெற்றி அந்தத் தாழ்வைத் துடைத்தது. 2004, 2007, 2012 என மேலும் மூன்று முறை சிங்கப்பூர் அந்தப் பட்டத்தை வெல்லப் பாதை அமைத்ததும் அதுதான். ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற சசிக்குமார் விளையாட்டுச் சந்தைப்படுத்தல் நிறுவனம் ஒன்றை நிறுவி, விளையாட்டை விட்டு விலகாமல் இருந்துவருகிறார்.

இவ்வளவையும் இன்று எழுத முடிவதற்குக் காரணம் பதிவுகள். சிங்கப்பூரின் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை மின்வடிவில் பாதுகாக்கிறது. 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களும் அதில் உண்டு. எவரும் தேடிப் படிக்கலாம்.

நம் நெய்வேலிப் பக்கம் நிலைமை வேறு. 1956இல் தொடங்கிய நெய்வேலி நிலக்கரி நிறுவனம் நகரியத்தோடு திடல்களையும் தந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்த தொழிலாளிகளும், பள்ளி விட்டு வந்த அவர்கள் பிள்ளைகளும் அங்கே பந்து உதைத்தார்கள். கோல் அடித்தவர் பெயராவது ஊர்வாயில் மிஞ்சும். கோல் விழாமல் காத்தவர் பெயரை எழுதிவைக்காவிட்டால் ஒரு தலைமுறையோடு மறைந்துவிடும். வீட்டு அலமாரிகளில் கிடக்கும் அணிப் புகைப்படங்கள், சான்றிதழ்கள், செய்தித்தாள் துண்டுகள் ஆகியவற்றை நகரிய நூலகங்களும் பள்ளிகளும் இப்போதே திரட்ட வேண்டும். அந்தத் திடல்களில் ஆடிய மூத்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதிவிட வேண்டும்.